பிழையும் பரிசும்: பாடசாலை றோபோப் போட்டிகள் பற்றியதொரு திறனாய்வு

ஒரு பொருளின் குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, அவ்விரண்டினுள் மிக்கது எதுவெனக் கண்டு முடிவு செய்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இலக்கியத் திறனாய்வாளர் பெரிதும் எடுத்தாளும் இந்நெறி, கல்வித்துறையிற் புதியனவாகப் புகும் முயற்சிகளுக்கும் பொருந்துவதேயாகும். ஆயினும் புதிய கருவியொன்று பாடசாலையுள் நுழையும்போது அதனை வாழ்த்தி வரவேற்போரும் வைது விலக்குவோரும் மலிந்திருக்க, ஆராய்ந்து கூறுவோர் அருகியே காணப்படுகின்றனர். பாடசாலை விட்டபின் சிறுவரும் இளைஞரும் ஒன்றுகூடி றோபோக்களை அமைத்துப் போட்டிகளிற் பங்குபற்றும் நிகழ்ச்சிகளும் இந்நிலைக்கு விலக்கானவையல்ல. எதிர்காலத் தொழில்களுக்கு இவையே வாயில் என்பர் ஒருசாரார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விலையுயர்ந்த விளையாட்டு என்பர் மற்றொருசாரார். இரு சாராரும் கருவியையும் அதன் விலையையும் நோக்குகின்றனரேயன்றி, அதன்முன் இருக்கும் பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வது யாதென நோக்கினாரல்லர். இந்நிகழ்ச்சிகளுக்கு அடிப்படையாயமைந்த கல்விக் கொள்கை யாது, போட்டி என்னும் அமைப்பு அக்கொள்கையை வளர்த்ததா, சிதைத்ததா என்பனவற்றை, அவை முளைத்துத் தழைத்த அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘றோபோ’ என்னும் சொல்லே ஒரு வினாவைத் தன்னுள் அடக்கியுள்ளது. செக் மொழி எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டு வெளியிட்ட நாடகமொன்றின் வாயிலாக இச்சொல் உலகெங்கும் பரவிற்று. கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அதனை ஆக்கிக் கொடுத்தவர் அவருடைய தமையனார் யோசெப். மனிதன் தனக்கு ஊழியஞ் செய்யப் படைத்த செயற்கை மாந்தர் ஈற்றில் மனிதனையே மேற்கொள்வதாக அந்நாடகம் அமைந்தது. ஆள்பவர் யாவர், ஆட்படுபவர் யாவர் என்னும் அவ்வினா, கணினி பாடசாலையை எட்டிப்பார்த்த காலத்தில் மீண்டும் எழுந்தது. கணினி பிள்ளையை நடத்துவதா, பிள்ளை கணினியை நடத்துவதா என அதனைக் கல்விப் பிரச்சினையாக மாற்றியவர் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் பேராசிரியர் சீமோர் பப்பேட் ஆவர்.

பப்பேட் 1928 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலுள்ள பிரிட்டோரியா நகரிற் பிறந்தவர்; கணித அறிஞர். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்து புகழ்பெற்ற பியாஜேயுடன் 1958 முதல் 1963 வரை ஜெனீவாவிற் பணியாற்றியவர். 1980 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்ரோம்ஸ்’ என்னும் நூலே றோபோக் கல்வியின் மூலநூல் எனத்தக்கது. அந்நூலின் முன்னுரை பற்சில்லுகளைப் பற்றியது. மோட்டார் வண்டி வளைவில் திரும்பும்போது இருபக்கச் சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடந்தரும் பற்சில்லுத் தொகுதியிற் சிறுபராயத்திலேயே அவருக்குப் பெருமோகம் உண்டாயிற்று. பிற்காலத்திற் பெருக்கல் வாய்பாட்டையும் இரு கணியங்கள் கொண்ட சமன்பாடுகளையும் பற்சில்லுகளாகவே மனத்திற் கண்டு அவர் விளங்கிக்கொண்டார். அப்பற்சில்லுகளை எவரும் அவருக்குப் பாடமாகப் புகட்டவில்லை. அவற்றிற் பரீட்சையும் நடத்தவில்லை. அவர் அவற்றை நேசித்தார். ஆதலின் அவை அவருடைய சிந்தனைக்குக் கருவியாயின. ஒவ்வொரு பிள்ளைக்கும் பற்சில்லு பயன்படாது. ஆயின் எவ்வுருவமும் எடுக்கவல்ல கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வப் பிள்ளையின் பற்சில்லாக அமையலாம் என்பதே அவர் கண்ட கனவு.

இக்கனவை நனவாக்கும்பொருட்டு, 1967 ஆம் ஆண்டளவில் சிந்தியா சொலமன் முதலிய துணைவருடன் கூடி ‘லோகோ’ என்னும் கணினி மொழியை அவர் அமைத்தார். அம்மொழியின் கட்டளைகளை ஏற்றுத் தரையில் ஊர்ந்து, பேனாவினாற் கோடு வரையும் சிறு பொறியொன்று அடுத்த சில ஆண்டுகளில் உருவாயிற்று. பிரித்தானிய அறிஞர் கிரே வோல்ற்றர் 1940 களின் இறுதியில் தாம் செய்த ஊரும் பொறிகளுக்கு வழங்கிய ஆமை என்னும் பெயரே இதற்கும் வாய்த்தது. வட்டம் வரைவது எப்படி எனத் தடுமாறும் பிள்ளையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்றனர் ஆசிரியர். பிள்ளை சிறிது முன்னே சென்று சிறிது திரும்பி, மீண்டும் சிறிது சென்று சிறிது திரும்பி, தன் உடம்பினாலேயே வட்டத்தின் இலக்கணத்தைக் கண்டுகொண்டது. கேத்திரகணிதம் ஏட்டிலிருந்து இறங்கிக் கால்வழியே ஏறிய காட்சி அது.

பப்பேட்டின் கொள்கையில் உயிர்நிலையாயுள்ளது பிழையைப் பற்றிய அவரது கருத்து. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று பாடசாலையிற் படித்த பிள்ளை, ஆமையை நோக்கி, நூறு அடி முன்னே செல்க, 60 பாகை திரும்புக என மூன்றுமுறை கட்டளையிடுகின்றது. முக்கோணம் வரவில்லை, அறுகோணத்தின் பாதி வருகின்றது. வகுப்பறையில் இது பிழை. சிவப்புக் கோட்டோடு முடிந்துபோவது. ஆமையின் முன்னிலையிலோ இது ஒரு புதிர். தான் சொன்னது யாது, ஆமை செய்தது யாது எனப் பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கின்றது, நடந்து பார்க்கின்றது. உள்ளே அமையும் கோணம் வேறு, திரும்பவேண்டிய கோணம் வேறு, திரும்பவேண்டியது 120 பாகை என்பது அதற்குப் புலனாகின்றது. முக்கோணத்தின் மூன்று திருப்பங்களும் கூடி 360 பாகையாவதைக் கண்டபின், சதுரத்துக்கும் அறுகோணத்துக்கும் விடை தானே கிடைத்துவிடுகின்றது. பிழை இங்கே குற்றமாகாது, அறிவுக்குப் படியாகின்றது. சரியா, பிழையா என்ற கேள்வி நீங்கி, எதனாற் பிழைத்தது, எவ்வாறு திருத்தலாம் என்ற கேள்வி அவ்விடத்தைப் பெறுகின்றது.

இக்கொள்கை எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. நியூயோர்க் நகரத்துப் பாங் ஸ்றீற் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீ முதலிய ஆய்வாளர், ஓராண்டுக்காலம் லோகோ பயின்ற மாணவரை ஏனையோரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் ஆற்றலில் அவர்கள் ஏனையோரை விஞ்சவில்லை என்பது 1984 ஆம் ஆண்டளவில் வெளியான அவ்வாய்வுகளின் முடிவு. பப்பேட் 1987 ஆம் ஆண்டு இதற்கு மறுமொழி எழுதினார். லோகோ பிள்ளைக்கு யாது செய்கின்றது என வினவுவது, கருவியை நடுவிற் கொண்டு மனிதரையும் அவர்தம் பண்பாட்டையும் ஓரத்தில் தள்ளும் சிந்தனை என்பது அவர் வாதம். மரம் நல்ல வீட்டைத் தருமா என்று எவரும் கேட்பதில்லை. தச்சனையும் அவன் வேலையையுமே கேட்பர். இலக்கியத்துக்குத் திறனாய்வு இருத்தல்போலக் கணினிக் கல்விக்கும் ஒரு திறனாய்வு வேண்டுமென்றும், அதன் வேலை பழித்தலன்று, விளக்கிக் காட்டலே என்றும் அவர் கூறினார். இம்மறுமொழி ஆய்வின் முடிவை முற்றாகப் போக்கிவிட்டது எனக் கொள்வதற்கில்லை. எங்குப் பயன் விளையவில்லையோ அங்குப் பண்பாடு சரியில்லை என்று சொல்லிவிடின், எந்தக் கொள்கையும் என்றும் தோல்வியுறாது. ஆயினும் அவர் காட்டிய திசை சரியானதே. றோபோவைச் சூழ அமைந்த பண்பாடு எத்தகையது என்பதே கேட்கத்தக்க கேள்வி. அப்பண்பாடு கடந்த முப்பதாண்டுகளிற் பெரும்பாலும் போட்டியின் உருவிலேயே அமைந்தது.

போட்டியின் ஊற்று வேறோரிடத்தில் இருந்தது. அதே மசச்சூசெற்ஸ் நிறுவனத்திற் பொறி வடிவமைப்பைக் கற்பித்த வூடி பிளவர்ஸ் என்னும் பேராசிரியர், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரேவகைப் பொருள்கள் அடங்கிய பெட்டியொன்றைக் கொடுத்து, அவற்றைக்கொண்டு பொறி செய்து ஒருவரோடொருவர் பொருதுமாறு விடுத்தார். அப்பாடம் விளையாட்டு விழாவைப்போற் கூட்டத்தை ஈர்த்தது. டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர், விளையாட்டு வீரரைப் போற்றும் தம் நாட்டு இளைஞர் பொறியியலாளரையும் அவ்வாறே போற்றவேண்டுமென விரும்பி, 1989 ஆம் ஆண்டு ‘பேர்ஸ்ட்’ என்னும் அமைப்பை நிறுவினார். பிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். 1992 ஆம் ஆண்டு நியூ ஹம்சயர் மாநிலத்து மான்செஸ்ரர் நகரில், உயர்பாடசாலையொன்றின் உடற்பயிற்சி மண்டபத்தில், 28 அணிகளோடு முதற்போட்டி நடைபெற்றது. 1998 ஆம் ஆண்டு லெகோ நிறுவனம், உள்ளே சிறு கணினி பொருத்திய கட்டையொன்றை விற்பனைக்கு விட்டு, அதற்குப் பப்பேட்டின் நூற்பெயரையே சூட்டிற்று. அவ்வாண்டிலேயே பேர்ஸ்ட் அமைப்பும் லெகோ நிறுவனமும் இணைந்து இளஞ் சிறுவருக்கான போட்டியைத் தோற்றுவித்தன. 2004 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உலக றோபோ ஒலிம்பியாட் தொடங்கிற்று. மைண்ட்ஸ்ரோம்ஸ் என்னும் பெயர்கொண்ட கட்டைகளின் விற்பனை 2022 ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. போட்டிகளோ வளர்ந்துகொண்டே சென்றன. இவ்வாறு கடிகாரமில்லாத பப்பேட்டின் பற்சில்லும், கடிகாரம் ஆளும் கேமனின் அரங்கும் ஒரே பெட்டியுள் அடைபட்டன. இன்றைய றோபோக் கழகங்களின் சிறப்பும் சிக்கலும் இச்சேர்க்கையிலிருந்தே பிறப்பன.

போட்டியின் சிறப்புகளை முதலில் நோக்குதல் முறையாகும். பௌதிக உலகம் சலுகை காட்டுவதில்லை. தாளில் எழுதிய விடைக்கு அரைப்புள்ளி கிடைக்கலாம். பாரத்தைத் தூக்கமாட்டாத கைக்குப் புள்ளி கிடையாது. நாள் குறித்தமையாற் சோம்பல் நீங்குகின்றது. ஒருவர் சில்லமைக்க, ஒருவர் நிரல் எழுத, ஒருவர் கணக்கு வைக்க, கூடித் தொழில்செய்யும் பழக்கம் உண்டாகின்றது. பேர்ஸ்ட் அமைப்பினர் போட்டியின் விதிகளிலேயே நட்பைப் புகுத்த முயன்றமை பாராட்டுக்குரியது. உயர்பாடசாலைப் போட்டியில் மூன்று அணிகள் ஒருபுறமும் மூன்று அணிகள் மறுபுறமும் நின்று பொருதுகின்றன. தொடக்கச் சுற்றுகளிற் கூட்டணிகள் மாறிக்கொண்டேயிருக்கும். இறுதிச் சுற்றுக்கு முன்னணியில் நிற்போர் தம் துணைவரைத் தாமே தெரிந்தெடுப்பர். காலையில் எதிர்த்தவர் மாலையில் துணைவராகலாம். ஆகவே எதிரியின் பழுதடைந்த பொறிக்கு உதிரிப்பாகம் கொடுத்துதவுதல் அவ்வரங்குகளில் வழக்கமாயிற்று. போட்டியிடும்போதும் பண்பு குன்றாமை வேண்டுமென்னும் இக்கொள்கைக்குச் சொல்வடிவம் கொடுத்தவர் பிளவர்ஸே. அப்போட்டியின் தலையாய விருது, வென்ற பொறிக்குரியதன்று. தன் சமூகத்துக்குச் சிறந்த பயன் விளைத்த அணிக்குரியது. 2012 ஆம் ஆண்டு பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய நெடுங்கால ஆய்வும், இந்நிகழ்ச்சிகளிற் பங்குபற்றிய மாணவர் ஏனையோரினும் விஞ்ஞான தொழினுட்பத் துறைகளில் மிகுந்த நாட்டமுடையோராய் இருந்தனர் எனக் காட்டிற்று. நாட்டம் உண்டாதல் சிறிய பயனன்று. எனினும் நாட்டம் வேறு, விளக்கம் வேறு.

இனிக் குறைகளை நோக்கலாம். சிறுவர் போட்டியில் விரிப்பொன்றின்மீது மாதிரிப் பொருள்கள் பல வைக்கப்படும். றோபோ, எவரும் தொலைவிலிருந்து இயக்காமல், முன்னரே எழுதிய நிரலின்படி இரண்டரை நிமிடத்துள் அவற்றைத் தள்ளியும் தூக்கியும் திருப்பியும் புள்ளிபெறல் வேண்டும். இங்கு நிகழும் பிழையொன்றைக் கருதுக. தொடக்கத்தில் றோபோவை வைத்த கோணம் ஒரு பாகை விலகினால், ஒரு மீற்றர் சென்றபின் அது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் விலகி நிற்கும். இரண்டு மீற்றரில் அவ்விலகல் 35 மில்லிமீற்றராகும். பிடிக்கவேண்டிய வளையத்தைக் கொழுவி தவறவிட இது போதும். ஓர் அணியிற் சிறுவர், சில்லின் சுற்றுக்களைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் மாற்றி, இலக்கை அடையும் எண் தற்செயலாய் வாய்க்கும்வரை முயல்கின்றனர். மற்றோர் அணியிற் சிறுவர், விலகல் ஒவ்வொரு முறையும் வேறுபடுவதைக் கவனித்து, எண்ணிற் பிழையில்லை, தொடக்கத்தில் வைக்கும் முறையிலேயே பிழையுண்டு எனக் காண்கின்றனர். றோபோவின் முதுகைச் சுவரில் அணைத்து நேராக்குகின்றனர். அல்லது ஒளியுணரியைப் பொருத்தி விரிப்பிலுள்ள கறுப்புக் கோட்டைப் பற்றிச் செல்லுமாறு அமைக்கின்றனர். முன்னையது குறிபார்த்து எறிதல். பின்னையது காரணம் காணல். ஆயினும் போட்டி நாளன்று இரண்டு அணிகளும் ஒரே புள்ளியைப் பெறல் கூடும். புள்ளிப்பலகை பிழையின் வரலாற்றை அறியாது. போட்டியின் முதற்குறை இதுவேயாகும்.

இக்குறையிலிருந்து ஏனைய குறைகள் கிளைக்கின்றன. புள்ளிப்பலகை பிழையின் வரலாற்றை அறியாதாயின், அப்பிழையைத் திருத்திய கை யாருடையது என்பதையும் அறியாது. நாள் நெருங்க நெருங்க, பிள்ளை மூன்றுநாளிற் கண்டுபிடிக்கக்கூடியதைத் தந்தை மூன்று நிமிடத்திற் செய்து முடிக்கின்றார். அவரிடம் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. அன்பும் அவசரமுமே உண்டு. ஆயினும் பிள்ளையிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது மிகப்பெரிய பொருள், அதன் பிழை. அன்று தொட்டு அப்பிள்ளை நன்னூலார் மாணாக்கருக்குக் கூறிய உவமைகளுட் கிளியின் நிலையை அடைகின்றது. சொன்னதைச் சொல்லும், சொல்லாததைச் சொல்லமாட்டாது. அடுத்த ஆண்டு விரிப்பு மாறும். கிளி வாய்மூடி நிற்கும். பணமும் இவ்வழியாகவே புகுகின்றது. பேர்ஸ்ட் அமைப்பின் உயர்பாடசாலைப் போட்டிக்குப் பதிவுக் கட்டணமே பல ஆயிரம் டொலராகும். கருவிகளும் பயணமும் அதற்கு மேற்பட்டவை. பெருந்தொழிற்சாலையின் பொறியியலாளர் பதின்மர் பின்னிற்கும் அணியும், கணித ஆசிரியர் ஒருவர் மட்டும் பின்னிற்கும் அணியும் ஒரே அரங்கில் இறங்குகின்றன. 2020 ஆம் ஆண்டுக்கு முன்னர், அப்போட்டியில் ஆறு வாரம் கடந்ததும் பொறியைப் பையிலிட்டு முத்திரையிடும் விதி இருந்தது. வசதியுள்ள அணிகள் இரண்டாவது பொறியொன்றைச் செய்து பயிற்சியைத் தொடர்ந்தன. விதியாற் சமத்துவத்தை உண்டாக்குதல் எத்துணைக் கடினம் என்பதற்கு இஃதொரு சான்று.

அங்ஙனமாயின், முதியோர் கைபடாத போட்டியே தூய போட்டி எனலாமா? போட்டியையே நீக்கிவிடல் சிறந்தது எனலாமா? இவ்விடத்திற் பப்பேட்டின் நூலையே மீண்டும் புரட்டிப் பார்த்தல் தகும். அந்நூலின் இறுதி அதிகாரத்தில், கற்றலுக்கு அவர் காட்டும் இலட்சியம் பாடசாலையன்று. பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரத்துச் சம்பா நடனக் கழகம். அங்கே குழந்தை முதற் பாட்டன் வரை, தேர்ந்தவரும் தொடங்குபவரும் ஒரே தளத்தில் ஆடுகின்றனர். தேர்ந்தவரும் புதிய ஆட்டத்தைக் கற்கின்றார். தொடங்குபவரும் அவர் அருகில் நின்று கற்கின்றார். கற்பித்தல் நிகழ்கின்றது, வகுப்பு இல்லை. பப்பேட் விரித்துரைத்த இக்காட்சியில், போட்டியைக் குறைகூறுவோர் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. அக்கழகங்கள் ஆண்டு முழுதும் ஆடிப் பழகுவது கார்னிவல் விழாவுக்காகும். அவ்விழா நாள் குறித்த விழா. நடுவர் புள்ளியிடும் போட்டி. ஆகவே கடிகாரமும் பரிசும் கற்றலுக்கு இயல்பாகவே பகையானவை எனக் கொள்வது பொருந்தாது. முதியவர் கூடநின்று ஆடுதலும் குற்றமன்று. பிள்ளைக்குப் பதிலாக முதியவர் ஆடுதலே குற்றம். சம்பாவில் இது நிகழமாட்டாது. ஏனெனில் விழா நாளன்று ஒவ்வொருவர் காலும் ஊரறிய ஆடவேண்டும். றோபோப் போட்டியிலோ பொறி ஆடுகின்றது; பிள்ளை அதன் பின்னே மறைந்து நிற்கலாம். எனவே பிள்ளையை மறைவிலிருந்து வெளியே கொணரும் ஏற்பாடு எப்போட்டியில் உண்டோ அப்போட்டியே கல்விக்கு உரியதாகும்.

சிறுவர் போட்டியை அமைத்தோர் இதனை உணராதவர் அல்லர். 2020 களின் முற்பகுதியில் வழங்கிய விதிகளின்படி, அரங்கிற் பெறும் புள்ளி மொத்த மதிப்பீட்டில் நாலில் ஒரு பங்கே. பொறியின் வடிவமைப்பை விளக்குதல், ஒரு பிரச்சினையை ஆராய்ந்து தீர்வு கூறுதல், கூடித் தொழில்செய்யும் பண்பு ஆகியன ஏனைய மூன்று பங்குகளைப் பெற்றன. நடுவர்முன் சிறுவரே நின்று விளக்கங் கூறல் வேண்டும். ஆயினும் பார்வையாளர் கைதட்டுவதும் பத்திரிகையாளர் படம் பிடிப்பதும் அரங்கையே. விளக்கம் நிகழும் அறையின் கதவு மூடியிருக்கும். பாடசாலைகளும் அரங்கின் கோப்பையையே கண்ணாடி அலுமாரியில் வைக்கின்றன. விதி ஒன்றை மதிக்க, ஊர் வேறொன்றை மதிக்கின்றது.

வாய்மொழி விளக்கத்துக்கு உரிய மதிப்புக் கிடைத்தால் யாது நிகழும் என்பதற்கு 2004 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று சிறந்த சான்றாகும். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரின் மேற்குப் பகுதியில், வறியோர் பிள்ளைகள் பயிலும் காள் ஹேடன் உயர்பாடசாலையைச் சேர்ந்த மாணவர் நால்வர், நீருக்கடியில் இயங்கும் றோபோக்களுக்கான தேசியப் போட்டியில் இறங்கினர். நால்வரும் மெக்சிக்கோவிலிருந்து சிறுபராயத்தில் வந்து, குடியுரிமைப் பத்திரமின்றி வாழ்ந்தவர்கள். பிரெடி லஜ்வர்டி, அலன் கமரன் என்னும் ஆசிரியர் இருவர் அவர்களுக்கு வழிகாட்டினர். பல்கலைக்கழகங்கள் பங்குபற்றும் பிரிவிலேயே அவர்களைச் சேர்த்தனர். தோற்பதாயின் பல்கலைக்கழகத்தாரிடம் தோற்பது இழிவாகாது என்பது ஆசிரியரின் எண்ணம். ஏறத்தாழ 800 டொலர்ச் செலவில், தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. குழாய்களை ஒட்டி அப்பொறி அமைந்தது. ஒட்டும் பசையின் நாற்றத்தால் அதற்கு ‘நாறி’ எனப் பொருள்படும் பெயரையே மாணவர் இட்டனர். தமக்குத் தெரியாததைத் துறையறிந்தோரிடம் தொலைபேசியிற் கேட்டறிந்தனர். போட்டி நடைபெற்ற சாந்த பார்பராவில், மின்னிணைப்புகள் இருந்த பெட்டியுள் நீர் கசிவதைக் கண்டபோது, மாதவிலக்குக் காலத்திற் பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுத் திரிகளை வாங்கி உள்ளே வைத்துக் கசிவை உறிஞ்சச் செய்தனர். நீரடிப் பணியோடு எழுத்தறிக்கையும் நடுவர்முன் அளித்த விளக்கமும் மதிப்பிடப்பட்டன. முடிவில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் அணியைப் பின்தள்ளி அவர்கள் முதலிடம் பெற்றனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாத அம்மாணவர் தொழினுட்ப எழுத்துக்கான விருதையும் பெற்றமை குறிப்பிடத்தக்கது. அவர்தம் வெற்றியின் மருமம் பொறியின் விலையில் இல்லை. ஒவ்வொரு குழாயும் ஏன் அவ்விடத்தில் இருக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கேட்டவுடன் சொல்லவும் முடிந்தது. பிழைகள் அனைத்தும் அவர்களுடையனவாக இருந்தமையால் விடைகளும் அவர்களுடையனவாயின.

இவ்வரலாற்றை ஜோஷுவா டேவிஸ் என்னும் எழுத்தாளர் 2005 ஆம் ஆண்டு சஞ்சிகைக் கட்டுரையாகவும், 2014 ஆம் ஆண்டு ‘உதிரிப் பாகங்கள்’ எனப் பொருள்படும் நூலாகவும் எழுதினார். 2015 ஆம் ஆண்டு அதே பெயரில் திரைப்படமும் வெளிவந்தது. இரண்டையும் ஒப்பிடுதல் பயனுடையது. திரைப்படம் இரு ஆசிரியரையும் ஒருவராக்கி, கதையோட்டம் முழுவதையும் வெற்றியை நோக்கிச் செலுத்துகின்றது. பார்ப்போர் கண்கலங்கி எழுகின்றனர். வினா எதுவும் எழுவதில்லை. நூலோ வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததையும் மறையாது கூறுகின்றது. 2006 ஆம் ஆண்டு அரிசோனா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டமொன்று, குடியுரிமைப் பத்திரமில்லாத மாணவருக்கு உள்ளூர்க் கட்டணச் சலுகையை மறுத்தது. நால்வருள் ஒருவர் கட்டணம் செலுத்த இயலாது பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டார். ஒஸ்கார் வாஸ்கெஸ் என்பவர் 2009 ஆம் ஆண்டு பொறியியற் பட்டம் பெற்றும், முறைப்படி மீளும்பொருட்டு மெக்சிக்கோவுக்குச் சென்று காத்திருந்து, 2010 ஆம் ஆண்டு திரும்பி, அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்தார். மசச்சூசெற்ஸ் நிறுவனத்தை வென்ற கை, கல்லூரிக் கட்டணத்தை வெல்ல முடியவில்லை. போட்டி அறிவை வெளிப்படுத்தும். அவ்வறிவுக்கு உரிய இடத்தைத் தருதல் நாட்டின் கடமை. கோப்பை கொடுத்தவுடன் அக்கடமை தீர்ந்ததாகக் கருதும் மனப்பான்மைக்குத் திரைப்படம் துணைபோகின்றது; நூல் துணைபோகவில்லை. நூல் திரைப்படத்தினும் உயர்ந்து நிற்பது இக்காரணத்தாலேயாம்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன சில. றோபோப் போட்டிகளின் மூலக்கொள்கை பிழையைப் பிள்ளையின் செல்வமாகக் கருதுவது. போட்டி அச்செல்வத்தைப் பெருக்கவும் வல்லது, பறிக்கவும் வல்லது. பொருதுவோரை நண்பராக்கும் விதிகளும், நாள் குறித்த உழைப்பும் அதன் குணங்கள். புள்ளிப்பலகையின் குருட்டுத்தன்மையும், முதியோரின் அவசரமும், செல்வத்தின் ஏற்றத்தாழ்வும் அதன் குற்றங்கள். இவற்றுள் மிக்கது எதுவென்பது ஒவ்வொரு கழகத்திலும் வேறுபடும். அதனை அறிதற்கு அளவுகோல் ஒன்றுண்டு. போட்டி முடிந்த மறுநாள், பொறியைப் பிரித்துப் பிள்ளையின்முன் வைத்து, இது ஏன் இவ்வாறு அமைந்தது, முன்னர் எவ்வாறு இருந்தது, எப்போது மாற்றினாய் என ஆசிரியர் வினவுதல் வேண்டும். தோற்ற அணியிலுள்ள பிள்ளை, தான் கண்ட பிழைகளை வரிசையாகக் கூறி, மீண்டும் பூட்டத் தொடங்குமாயின் அவ்வாண்டு வீணாகவில்லை. வென்ற அணியிலுள்ள பிள்ளை தந்தையின் முகத்தை நோக்குமாயின், அக்கோப்பையைத் தந்தையிடமே கொடுத்துவிடலாம்.